பதினாலாம் நம்பர் அட்டை

நம்பர் அட்டையைக் கீழே வைக்கக் கூடாது என்பது விதி. நீளமான கைப்பிடியின் உச்சியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டம், அதில் 14 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கப்பலை விட்டு இறங்கி ஊர் பார்க்கப் போகிற பயணிகளுக்கு மார்பில் ஒட்டிக்கொள்ள அதே நம்பரில் ஸ்டிக்கர் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவர்களுக்குச் சொந்த புத்தி என்று ஒன்று தேவைப்படாது. அட்டை போனால் போவார்கள், அட்டை நின்றால் நிற்பார்கள். முன்பு ஏதோ ஒரு துறைமுகத்தில் அட்டை பிடித்துப் போன ஊழியர் ஒருவர் அதைக் கழிப்பறை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனவர், வயிற்றுக் கோளாறில் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லையாம். இருபத்தெட்டுப் பேர் அந்த வாசலிலேயே நின்று கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். கம்பெனி அதை வைத்து ஒரு பயிற்சி வீடியோவே தயாரித்துவிட்டது. ஸ்டான்லி அதை இரண்டு முறை பார்த்திருந்தான்.

நூற்றுப் பதினெட்டு நாளில் உலகத்தைச் சுற்றிவரும் கப்பல் அது. ஸ்டான்லி அதில் ஏழாம் தளத்துப் பதினாறு அறைகளுக்குப் படுக்கை விரிக்கிறவன். ஊர் சிங்கப்பெருமாள் கோயில். எழுபத்தோராம் நாள் கப்பல் சென்னைக்கு வந்தது. அவனுக்குக் கிடைக்கிற ஓய்வு நேரத்தில் ரயில் ஏறி வீட்டுக்குப் போனால் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பத்தான் சரியாக இருக்கும். பயணிகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போக ஊழியர்கள் தேவை என்று பலகையில் எழுதிப் போட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். தமிழ் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றான். அதைத் தனித் தகுதியாகக் குறித்துக்கொண்டார்கள்.

மாமல்லபுரத்துக்கு வரச் சொல்லி மனைவி ஜெனிட்டாவுக்குப் போன் செய்திருந்தான். எட்டு மாதமாகப் பார்க்கவில்லை. பார்க்க ஆசைதான். ஆனால் அவளிடம் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது, அதைத்தான் பஸ் திருவான்மியூர் தாண்டியதிலிருந்து அவன் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. அதே மாதம் பத்தொன்பதாம் தேதிக்குச் செங்கல்பட்டில் டாக்டரிடம் தேதி வாங்கி வைத்திருந்தாள் ஜெனிட்டா. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும், இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அந்த டாக்டரம்மா சொல்லிவிட்டார். தேதி கிடைக்கவே மூன்று மாதம் ஆனது. இந்த நிலைமையில் ஆறு நாளைக்கு முன்னால் கப்பலின் அலுவலகப் பெண் கையில் ஒரு டேப்லெட்டோடு வந்து, இன்னும் ஆறு மாதம் இருக்கிறாயா, கையெழுத்துப் போடு என்று கேட்டாள். ஸ்டான்லி போட்டுவிட்டான்.

மறந்து போய்ப் போடவில்லை. பத்தொன்பதாம் தேதி ஞாபகம் இருந்ததால்தான் போட்டான். குறை தன்னிடம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு. அந்தப் பயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்தில்கூட அந்த இடம் வரும்போது வேறு ஏதாவது சொல்லித் தாண்டிவிடுவான். கையெழுத்துப் போட்டதும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று தன்மேலேயே கோபம் வந்தது. கோபம் இரண்டு நாளில் போய்விட்டது, நிம்மதி அப்படியே இருந்தது. போனில் சொல்ல மூன்று முறை முயன்று, மூன்று முறையும் கப்பல் வைஃபை சரியில்லை என்று பழியை அதன்மேல் போட்டான். வைஃபை அந்த வாரம் நன்றாகத்தான் வேலை செய்தது.

அச்சடித்த தாளில் அன்றைய சுற்றுலாவுக்கு ‘பண்டைய துறைமுக நகரம், நடையாக’ என்று பெயர் போட்டிருந்தார்கள். நடந்து பார்க்கிற ஆட்களுக்குச் சராசரி வயது எழுபது. மொத்தம் முப்பத்திரண்டு பேர். அவர்களில் கையில் இரண்டு ஊன்றுகோலோடு வந்த ஒரு அம்மையார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டான்லியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

“துறைமுகம் எந்தப் பக்கம்?”

“துறைமுகம் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் இருந்தது மேடம்.”

“சரி. எந்தப் பக்கம்?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று வீடியோவில் இல்லை. ஸ்டான்லி சிரித்து வைத்தான்.

ஐந்து ரதத்துக்கு வெளியே, இளநீர்க் கடை ஓரமாக ஜெனிட்டா நின்றிருந்தாள். நீலச் சுடிதார், தோளில் ஒரு துணிப்பை. மகேந்திரா சிட்டி பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பெட்டிகளைச் சரிபார்த்து அனுப்புகிற பிரிவில் வேலை பார்க்கிறாள். ஷிப்டை மாற்றிக்கொண்டு, செங்கல்பட்டு வந்து பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். எட்டு மாதம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் முப்பத்திரண்டு பேர் நின்றார்கள்.

“இன்னா மாமா, எளச்சிட்ட.”

“நீயும்தான்.”

“நானா? நான் ரெண்டு கிலோ ஏறிகீறேன்.”

“நல்லாதான் கீது” என்றான். ஜெனிட்டா அவன் தலைக்கு மேலே இருந்த அட்டையைப் பார்த்தாள்.

“அது இன்னாத்துக்கு?”

“வேல.”

வழிகாட்டி கலைவாணன் வந்து சேர்ந்தான். ஸ்டான்லியோடு செங்கல்பட்டில் பத்தாவது வரை படித்தவன், இப்போது மாமல்லபுரத்தில் கைடு. மூன்று மொழியில் சிற்பங்களைப் பற்றிச் சொல்வான், மூன்றிலும் ஒரே இடத்தில் ஜோக் அடிப்பான். அவனிடம் முன்னாடியே பேசி வைத்திருந்தான் ஸ்டான்லி. ரதங்களைச் சுற்றிக் காட்ட நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடம்தான் ஸ்டான்லிக்குச் சொந்தம்.

“நீ இட்டுகினு போ மச்சான்” என்றான் கலைவாணன். “நான் பாத்துக்கிறேன். யானைய காட்டுனா அரை மணி நேரம் அசைய மாட்டாங்க.”

ஸ்டான்லியும் ஜெனிட்டாவும் சாலையோரம் நடந்தார்கள். நூறடியில் ஒரு டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்து, டீ சொல்லி, அவள் முதல் வாய் குடித்ததும் சொல்லிவிடுவது என்று கணக்குப் போட்டிருந்தான். நான் ஒன்று சொல்லணும் ஜெனி என்று ஆரம்பிக்க வேண்டும். அதுவரைக்கும் மனப்பாடம்.

“நான் ஒண்ணு சொல்லணும் ஜெனி” என்றான்.

“சொல்லு. ஆனா மொதல்ல திரும்பிப் பாரு.”

திரும்பினான். முப்பத்திரண்டு பேரும் இரண்டு இரண்டு பேராக வரிசை பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். ஊன்றுகோல் அம்மையார் முதல் வரிசையில் இருந்தார். அவன் நின்றதும் நின்றார்கள். தலைக்கு மேலே பார்த்தான். காலையிலிருந்து பிடித்த பழக்கத்தில் அட்டையை அவன் பாட்டுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். ரத வளாகத்துக்கு உள்ளே கலைவாணன் கல் யானைக்கு முன்னால் நின்று, யாருமில்லாத இடத்தைப் பார்த்து ஜோக்கை ஆரம்பித்திருந்தான்.

“நீங்கள் உள்ளே போகலாம்” என்றான் ஸ்டான்லி ஆங்கிலத்தில். “கைடு அங்கே இருக்கிறார்.”

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருத்தரும் அசையவில்லை. அட்டை இங்கே இருக்கிறதே.

டீக்கடைக்காரருக்கு வாழ்நாளில் ஒரே நேரத்தில் முப்பத்து நாலு டீ யாரும் சொன்னதில்லை. அவர் அதிர்ந்துபோகவில்லை, பால் பாக்கெட்டுகளைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார். பெஞ்சிலும் படியிலும் மரத்தடியிலும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து கிளாசைத் துணியால் பிடித்துக் குடித்தார்கள். ஸ்டான்லிக்குப் பக்கத்தில் ஜெனிட்டா உட்கார்ந்தாள். ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் ஊன்றுகோல் அம்மையார் உட்கார்ந்தார். ஜெனிட்டா பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். சப்பாத்தியும் எறா தொக்கும்.

“கப்பலுக்குள்ள உட மாட்டாங்க” என்றான்.

“தெரியும். இங்கயே துன்னுட்டுப் போ.”

ஒரு கையில் அட்டை, ஒரு கையில் சப்பாத்தி. தொக்கு வாயில் பட்டதும் ஸ்டான்லிக்குக் கண் கலங்கியது. காரத்தினால் இல்லை. எட்டு மாதமாகக் கப்பலில் இருபது நாட்டுச் சாப்பாடு சாப்பிட்டவன், ஒரு நாளாவது வயிறு நிறைந்தது என்று எழுந்ததில்லை. இவ்வளவு நன்றாகச் செய்கிறவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தான். ஊன்றுகோல் அம்மையார் டப்பாவை எட்டிப் பார்த்து, இதுவும் சுற்றுலாவில் சேர்த்தியா என்று கேட்டார். ஜெனிட்டா ஒரு துண்டில் தொக்கு வைத்துக் கொடுத்தாள். அம்மையாருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அது காரத்தினால்தான். இருந்தாலும் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

“இன்னாவோ சொல்லணும்னியே” என்றாள் ஜெனிட்டா.

“இங்கயா?”

“இவுங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பறம் இன்னா?”

நியாயமான கேள்வி. ஸ்டான்லி எழுந்தான். “வா, இங்க வேணாம்” என்று நடந்தான். முப்பத்திரண்டு கிளாசும் டக் டக்கென்று பெஞ்சில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கும் சாலை அது. ஒவ்வொரு கொட்டகையிலும் கல்லை அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதி முகம் வந்த புத்தர், துதிக்கை வராத பிள்ளையார், நெஞ்சுவரை வந்து நிற்கும் ஏதோ ஒரு தலைவர் எல்லாம் தூசியில் நின்றார்கள். ஊர்வலம் போல அவர்கள் போனார்கள். முன்னால் 14, அதன்கீழே ஸ்டான்லி, பக்கத்தில் ஜெனிட்டா, பின்னால் உலகம் சுற்றுகிறவர்கள். கல்தச்சர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு, இது எந்தக் கட்சி என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். பதில் வருவதற்குள் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

“பத்தொம்பதாம் தேதி காலைல எட்டு மணிக்கெல்லாம் போயிடணுமாம்” என்றாள் ஜெனிட்டா, இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி. “டோக்கன் போடணும். வெறும் வயித்துல வரணும்னு சொன்னாங்க.”

“இன்னா? கேக்கல.”

“பத்தொம்பதாம் தேதி.”

“மிஷினு சத்தம் ஜெனி. கேக்கல.”

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவள் அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். மறுபடி சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

பஸ் நிலையம் வந்தது. அதைத் தாண்டி, விடுதிகளும் துணிக்கடைகளும் இருக்கும் ஒத்தவாடைத் தெருவுக்குள் திரும்பினான். தனியாகப் பேசுவதற்கு இடம் தேடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையைச் சொல்லப்போனால், உட்கார்ந்து அட்டையை மடியில் போட்டிருந்தால் அங்கேயே பேசியிருக்கலாம். முப்பத்திரண்டு பேர் பின்னால் வருவது அவனுக்கு வசதியாக இருந்தது. கூட்டத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று சொல்லிக்கொள்ளலாம். கப்பலில் வைஃபை செய்த வேலையை இங்கே இவர்கள் செய்தார்கள். பாவம், அவர்களுக்கு அது தெரியாது. தெருவில் மாடு ஒன்று படுத்திருந்தது, ஸ்டான்லி அதைச் சுற்றிப் போனான், முப்பத்திரண்டு பேரும் அதே வளைவில் சுற்றி வந்தார்கள்.

“இன்னும் எம்மா தூரம் மாமா?”

“கடல் வரிக்கும் போலாம்.”

“அதுக்கப்பால தண்ணி. தண்ணில எறங்கிடுவியா?”

அவன் நடையை எட்டிப் போட்டான்.

தெரு முடிந்து மீனவர் குப்பம் வந்தது. வலைகள் குவியலாகக் கிடந்தன. ஃபைபர் படகுகள் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன, பத்துப் பதினைந்து இருக்கும். தெற்கே தூரத்தில் கடற்கரைக் கோயிலின் கோபுரம் தெரிந்தது. மாசி மாத வெயில் இன்னும் உறைக்க ஆரம்பிக்கவில்லை, காற்று நன்றாக வீசியது. அந்தக் காற்றில் அட்டையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்பட்டது. ஊன்றுகோல் அம்மையார் மணலில் கோலை ஊன்றி நின்று, படகுகளையும் கடலையும் நிதானமாகப் பார்த்தார்.

“இதுதானே துறைமுகம்?”

“ஆமாம் மேடம்” என்றான் ஸ்டான்லி. இல்லை என்று சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

“நான் அப்போதே கேட்டேன். சொல்லியிருந்தால் நேராக வந்திருக்கலாம்” என்றார் அவர். மற்றவர்களிடம் திரும்பி இதுதான் துறைமுகம் என்று அறிவித்தார். முப்பத்திரண்டு பேரும் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கலைவாணன் மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“இன்னா மச்சான் இது? ஜோக்க முடிச்சிட்டுப் பாத்தா ஒரு ஆளு இல்ல. நான் அஞ்சு ரதத்துலேந்து கேட்டுக்கினே வரேன். டீக்கட அண்ணாத்த சொல்றாரு, கல் அடிக்கிறவரு சொல்றாரு. ஊரே உன்ன காட்டிக்குடுக்குது. அர்ஜுனன் தபசு எப்ப காட்டுறது, கோயில எப்ப காட்டுறது? பஸ்ஸு ஒண்ணரைக்கு.”

“நான் கூப்புடல கலை. அவுங்களா வந்தாங்க.”

“அட்டைய தூக்கிகினு போனா வருவாங்கதான?”

“அத்த என்கிட்ட குடு மாமா” என்றாள் ஜெனிட்டா.

“குடுக்கக் கூடாது. ரூல்சு.”

“குடு.”

ஸ்டான்லி கைப்பிடியை இறுக்கினான். காலையிலிருந்து அவன் மீறாத ஒரே விதி அது. ஜெனிட்டா அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கம்பெனியில் ஒரு நாளைக்கு நானூறு பெட்டியின் நாடாவை இழுத்துப் பார்க்கிற கை, நல்ல பலம். அட்டையை வாங்கிக் கலைவாணனிடம் நீட்டினாள்.

“அண்ணாத்த, இத்த புடி. கோயிலாண்ட இட்டுகினு போயி சுத்திக் காட்டு. அரை மணி நேரம் கழிச்சி வரோம்.”

கலைவாணன் அட்டையைத் தூக்கினான். முப்பத்திரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கோயில் இருந்த திசையில் கடலோரமாகவே அவன் நடந்தான், அவர்கள் பின்னாலேயே போனார்கள். ஸ்டான்லியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாம் தளத்தில் தினமும் அவனுக்குக் குட்மார்னிங் சொல்கிறவர்கள் ஆறு பேர் அதில் இருந்தார்கள்.

படகு ஒன்றின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஸ்டான்லிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தான், மணலில் வைத்தான், மறுபடி முழங்காலுக்குக் கொண்டுவந்தான். இனிமேல் பழி போட ஆளில்லை.

“ஆறு மாசம் எக்ஸ்டென்சன் கேட்டாங்க” என்றான், கடலைப் பார்த்துக்கொண்டு. “கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த மாசம் வர்ல.”

அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தான். அவள் செருப்பைக் கழற்றி உள்ளே இருந்த மணலைத் தட்டினாள்.

“தெரியும்” என்றாள்.

“எப்பிடித் தெரியும்?”

“வேலைக்கு எழுதிப் போடறப்ப என் மெயில் ஐடியதான குடுத்த. நீ கையெழுத்துப் போட்ட அன்னிக்கே காப்பி என் போனுக்கு வந்துட்ச்சி.”

ஸ்டான்லிக்குக் காது சூடானது. காலையிலிருந்து தெருத் தெருவாக அலைந்து, ஒரு ஊரையே கூட்டிக்கொண்டு வந்து, அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறான்.

“அப்ப ஏன் சும்மா இருந்த?”

“நீ வாயத் தொறந்து சொல்றியான்னு பாத்தேன்.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “ஏன் போட்டன்னு நான் கேக்கல. அதுவும் தெரியும். டெஸ்ட்டுக்குப் பயம் உனக்கு. டாக்டரம்மா ரெண்டு பேரும் வரணும்னாங்கன்னு வீடியோ கால்ல சொன்னப்பவே உன் மூஞ்சி போன போக்க நான் பாத்தேனே.”

ஆமாம் என்று தலையை ஆட்டினான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஆட்டு ஆட்டினான், ஆட்டி முடித்ததும் உடம்பு லேசானது மாதிரியும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

“நான் எனக்குப் பாத்துட்டேன் மாமா” என்றாள் ஜெனிட்டா. “போன வாரம். தனியா போயி எடுத்துகினு வந்துட்டேன். ரிப்போட்டு வந்துட்ச்சி.”

“இன்னா சொன்னாங்க?”

“எனக்கு ஒண்ணும் இல்லையாம்.”

அலை தன் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்த படகில் யாரோ வலையிலிருந்து நண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டான்லி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். எதற்காக ஆறு மாதம் கடலில் ஒளிந்துகொள்ளப் பார்த்தானோ அது சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பஸ் மாறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

“அப்ப எனக்கா?”

“அது தெரியாது. உனக்கும் ஒண்ணும் இல்லாம இருக்கலாம். இருந்தா மருந்து கீதாம். நீ வந்து காட்டுனாதான் தெரியும்.”

“இத்த போன்லயே சொல்லியிருக்கலாமே ஜெனி.”

“சொல்லியிருந்தா நீ ஆறு மாசத்துக்கு இல்ல, ஆறு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்ப.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது, நடுவில் எங்கேயோ அழுகையாகிவிட்டது. ஜெனிட்டா துப்பட்டாவின் நுனியைக் கொடுத்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஒண்ணு சொல்றேன் கேளு” என்றாள். “உங்கம்மா, எங்கம்மா, சர்ச்சுல ஜாய்ஸ் அக்கா, கம்பெனில கூட வேல செய்றவங்கோ, ஆறு வருசமா எல்லாரும் என்னப் பாத்துதான் கேட்டுகினு கீறாங்க. ஒருத்தராவது உன்னக் கேட்டாங்களா?”

“இல்ல.”

“நானே என்னத்தான் கேட்டுகினு இருந்தேன். ரிப்போட்டு கைல வந்தப்ப எனக்கு சந்தோசமா இருந்துது மாமா. பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு அழுதேன். அப்பறம்தான் உன் நெனப்பு வந்துது. சந்தோசப்பட்டது தப்பான்னு ரெண்டு நாளா தூக்கமே இல்ல.”

“தப்பில்ல” என்றான். தான் ஆறு வருடமாக அவளைத் தனியாக நிற்க விட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கடல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது, ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னான். “தப்பே இல்ல ஜெனி.”

அவள் போனை எடுத்தாள்.

“நீ கையெழுத்துப் போட்டியே, அத்த படிச்சியா?”

“பதினொரு பக்கம்.”

“படிச்சியா?”

“இல்ல.”

“நான் படிச்சேன். பொட்டி மேல எழுதிகீறத படிக்கிறதுதான எனக்கு வேலையே. பத்தாவது பக்கத்துல போட்டுகீறாங்க. ஏழு நாளுக்குள்ள வேணாம்னு மெயில் போட்டா கேன்சல் பண்ணிக்கலாமாம். இன்னிக்கு ஆறாவது நாளு. மெயில நான் டீ பிரேக்ல அடிச்சி வெச்சிட்டேன். அனுப்பல.”

அவனிடம் நீட்டினாள். சுத்தமான ஆங்கிலம். பெயர், ஊழியர் எண், தளம், தேதி எல்லாம் இருந்தன. கம்பெனிகளுக்கு எழுதுகிற கடிதங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட நடை. கடைசியில் ‘காரணம்’ என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

“காரணம் போடாம அனுப்புனா எடுத்துக்க மாட்டாங்களாம். அது நீ போடு. எதுவானா போடு. பாட்டி செத்துட்டாங்கன்னுகூட போடு. ஆனா நான் போட மாட்டேன், அமுக்கவும் மாட்டேன். நீ அமுக்கலைன்னா டாக்டரு டேட்ட கேன்சல் பண்ணிட்டு ஷிப்டுக்குப் போறேன். கேக்க மாட்டேன்.”

ஸ்டான்லி போனை வாங்கினான். கை விரல்கள் இன்னும் அந்தக் கைப்பிடியைப் பிடித்த வாக்கில் மடங்கியிருந்தன, நீட்டிச் சரிசெய்தான். கப்பல் அலுவலகத்தில் இதை யார் படிப்பார்கள் என்று யோசித்தான். டேப்லெட் கொண்டுவந்த அந்தப் பெண் படிப்பாள். அவளுடைய மேலதிகாரி படிப்பார். சாப்பாட்டு மேசையில் யாராவது யாரிடமாவது சொல்வார்கள், ராத்திரிக்குள் ஏழாம் தளம் முழுக்கத் தெரிந்துவிடும். குடும்ப விசேஷம் என்று அடித்தான். அதை அழித்தான். குடும்பப் பிரச்சினை என்று அடித்தான், அதையும் அழித்தான். கோயில் பக்கமிருந்து கலைவாணனின் குரல் காற்றில் விட்டுவிட்டு வந்தது, அதைத் தொடர்ந்து முப்பத்திரண்டு பேர் சிரிக்கிற சத்தமும் வந்தது. ஜோக்கைச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

மருத்துவப் பரிசோதனை என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான். ஜெனிட்டாவிடம் காட்டினான். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“யாருக்குன்னு போடல.”

“போடணுமா?”

“உன் இஷ்டம்.”

அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, பையில் டப்பாவை எடுத்து வைத்து, படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பக்கம் பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை. எங்கே பார்க்கிறாள் என்றே சொல்ல முடியவில்லை, துப்பட்டாவின் நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். கப்பலே சுற்றிவரும் இந்தப் பெரிய உலகத்தில் அவளுக்கு அந்த நிமிடம் வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தைதான் என்று ஸ்டான்லிக்குப் புரிந்தது.

எனக்கு என்று சேர்த்தான். அனுப்பினான்.